பன்னிரண்டு கட்டங்களும் ஒரு சாவியும்

கொடைக்கானல் மேல்மலையில், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரத்தில், கடைசி பெஞ்சில் இருந்த மாணவன் ஒருவனைக் கரும்பலகைக்கு வரச் சொன்னேன். அவன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. பென்சிலைத் தேடிக்கொண்டே, ‘ஐ கேம் சார், ஐ கேம்’ என்றான். ‘வந்துவிட்டாயா? எங்கே, கண்ணில் படவில்லையே’ என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன். வகுப்பில் வேறு யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் கூப்பிட்டதும் ‘இந்தா வந்துட்டேன்’ என்று சொல்வதுதானே மரியாதை, இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதைப் போல நாற்பது முகங்களும் என்னைப் பார்த்தன.

நான் வத்தலக்குண்டுக்காரன். மலையேறியபோது துணிமணியோடு ஒரு பெரிய அட்டையையும் சுருட்டி எடுத்து வந்திருந்தேன். மேலிருந்து கீழாக இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். இடமிருந்து வலமாக நான்கு நிலைகள். ஆக 12 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாய்பாடும், அதன் கீழே ‘கோ’ என்ற வினைச்சொல் அந்த வாய்பாட்டில் எடுக்கும் வடிவமும் இருக்கும். நான் படித்த காலத்தில் இந்தப் பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பவனே ஆங்கிலம் தெரிந்தவன். அந்தப் பெருமையோடுதான் அட்டையை வகுப்புச் சுவரில் ஒட்டினேன். ஆங்கில வினைச்சொல் காலத்துக்காகத் தன் உருவை மாற்றிக்கொள்வது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டுமே என்பதும், எதிர்காலத்துக்கென்று தனி உருபு எதுவும் இல்லாமல் ‘வில்’ போன்ற துணைச்சொற்களை வைத்தே அந்த மொழி காலம் தள்ளுகிறது என்பதும், அதனால் மொழியியலாளர் பலர் ஆங்கிலத்துக்கு இரண்டே டென்ஸ்தான் என்று கணக்கிடுகிறார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அட்டையைக் கழற்றியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அன்று மதிய உணவின்போது ஆசிரியர் அறையில் இந்த ‘ஐ கேம்’ கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், தமிழ் ஐயா மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே, ‘அது வழு இல்ல சார், வழுவமைதி’ என்றார். வழு என்றால் பிழை; பிழைபோலத் தெரிந்தாலும் காரணம் கருதி இலக்கணம் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. இனி நடக்கப்போகும் செயலையும் நடந்துகொண்டிருக்கும் செயலையும் விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பிய வினையியலிலேயே விதி இருப்பதையும், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களுக்காக முக்காலமும் பிறழ்ந்து வரலாம் என்று நன்னூல் ஒரே நூற்பாவில் தொகுத்துச் சொல்வதையும் அவர் விளக்கினார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ‘குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்’ என்பது கால வழுவமைதிக்கு எடுத்துக்காட்டு. இதையே ஆங்கிலத்தில் சொன்னாலும் ‘இஸ் கமிங் டுமாரோ’ என்று நிகழ்காலத்தில்தான் சொல்வோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைக்காரனுக்கும் தெளிவுக்காக ஒரு வழுவமைதி உண்டு போலிருக்கிறது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல், ‘அதெல்லாம் உங்க பீரியட்ல ஐயா, என் பீரியட்ல அது தப்பு’ என்றேன். ‘தப்புத்தான் சார். எங்க இருந்து வந்த தப்புன்னு தெரிஞ்சா திருத்துறது சுலபம் இல்லையா?’ என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் இறங்க மேலும் ஒரு வருடம் பிடித்தது. இறக்கியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ‘என் தாத்தா’ என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருந்தேன். தாத்தா தினமும் சாயங்காலம் தோட்டத்திலிருந்து வருவார், வரும்போது பேரிக்காய் கொண்டுவருவார், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார் என்பதையெல்லாம் அவள் ‘ஹி வில் கம்’, ‘ஹி வில் பிரிங்’, ‘ஹி வில் டெல்’ என்று வரிக்கு வரி ‘வில்’ போட்டு எழுதியிருந்தாள். நான் எல்லா ‘வில்’லையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வகுப்பின் முன்னால் நிற்க வைத்து, ‘ஹி வில் கம் என்றால் இனிமேல்தான் வரப்போகிறார் என்று பொருள். எப்போது வருவார் உன் தாத்தா? நாளைக்கா, நாளை மறுநாளா?’ என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள், ‘தாத்தா போன தையில செத்துப் போயிட்டாரு சார்’ என்றாள்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் எழுதியதில் தமிழ் அணுவளவும் பிசகவில்லை. நாள்தோறும் நடக்கும் செயலை நாம் எதிர்கால வடிவத்தில்தான் சொல்கிறோம்: அப்பா ஐந்து மணிக்கு எழுவார், அம்மா பூண்டு உரிப்பார், பால் வண்டி ஆறரைக்கு வரும். நாள்தோறும் நடந்து, நின்றுபோன செயலையும் அதே வடிவத்தில்தான் சொல்கிறோம்: அந்தக் காலத்தில் தாத்தா கதை சொல்வார். ‘சொல்வார்’ என்ற ஒரே சொல், தாத்தா இருக்கும்போதும் போன பிறகும் மாறாமல் நிற்கிறது. அவர் இருக்கிறாரா, இல்லையா என்பதை ‘அந்தக் காலத்தில்’, ‘இப்போதெல்லாம்’ போன்ற சொற்களோ கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியோ சொல்லிவிடும். ஆங்கிலம் அந்த வேலையை வினைச்சொல்லின் தலையில் கட்டுகிறது. இருப்பவருக்கு வெறும் ‘டெல்ஸ்’. போனவருக்கு ‘யூஸ்ட் டு டெல்’, அல்லது ‘வுட் டெல்’. இதில் ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகால வடிவமேதான். அந்தச் சிறுமி தன் தமிழ்க் காதை நம்பி எழுதிய ‘வில்’லுக்கும் சரியான ஆங்கிலத்துக்கும் இடையே ஒரே ஓர் அடி தூரம்தான் இருந்தது. அந்த ஓரடியைக் காட்டியிருக்க வேண்டியவன், அவளை நிறுத்திவைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே தமிழ் ஐயாவிடம் போய் உட்கார்ந்தேன். மூன்று காலத்துக்கும் பொதுவாக நிலைத்திருக்கும் பொருள்களின் இயல்பைச் சொல்ல ‘செய்யும்’ என்ற வாய்பாடு உரியது என்று தொல்காப்பியம் கூறுவதையும், உரையாசிரியர்கள் அதற்கு ‘மலை நிற்கும்’ என்று எடுத்துக்காட்டுத் தருவதையும் அவர் காட்டினார். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். மூன்றையும் ‘நிற்கும்’ என்ற ஒரு சொல் தாங்குகிறது. என் மாணவர்களோ ‘தி மவுண்டன் வில் ஸ்டாண்ட்’ என்று எழுதுவார்கள். நான் ‘ஸ்டாண்ட்ஸ்’ என்று திருத்துவேன். இரண்டாயிரம் ஆண்டு வழக்கு ஒன்றை ஒற்றை ‘எஸ்’ஸால் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தபோது, அந்த ‘எஸ்’ஸை ஏன் போடுகிறோம் என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதன்பின் காலம் நடத்தும்போது முதலில் தமிழ் வாக்கியத்தைப் பலகையில் எழுதுவேன். ‘இது ஒருமுறை நடக்கப்போகிறதா, எப்போதும் நடப்பதா, நடந்து நின்றுபோனதா?’ என்று கேட்பேன். விடை தமிழிலேயே வரும். வாய்பாடு அதற்குப் பிறகுதான்.

ஊட்டியோ கொடைக்கானலோ, மலைச் சுற்றுலா ஊர்களில் ஆங்கிலம் தேர்வோடு முடிகிற பாடம் அல்ல, வயிற்றுப்பாடு. 2016 முதல் சில ஆண்டுகள், சீசன் முடிந்து கூட்டம் குறையும் மாதங்களில், நாயுடுபுரத்தில் ஒரு வாடகை அறையில் மாலை வகுப்பு நடத்தினேன். டாக்சி ஓட்டுநர்கள், வழிகாட்டிகள், விடுதிகளில் வேலை செய்பவர்கள் என்று பதினைந்து பேர் வருவார்கள். பலர் எட்டாவதோடு நின்றவர்கள். ஆனால் பேசத் தயங்காதவர்கள். பள்ளியில் தப்பு என்றால் மதிப்பெண் போகும். இவர்களுக்குத் தப்பு என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். அதனால் ‘ஏன் சார் அப்படிச் சொல்லக் கூடாது?’ என்ற கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்டார்கள்.

2017இல் ஒரு வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டுத் தம்பதியர் இருவர் அவரிடம் நீலக்குறிஞ்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ‘குறிஞ்சி பன்னிரண்டு வருடத்தில் பூக்கும்’ என்று தமிழில் நினைத்து, ‘இட் வில் ஃபிளவர் இன் ட்வெல்வ் இயர்ஸ்’ என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் முகம் வாடி, இனி நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பதுபோல் ஏதோ பேசிக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் சொன்னதை அவர்கள் ‘இன்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து’ என்று, அதாவது 2029 என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2006; அடுத்த பூப்பு, மறு வருடமே, 2018இல். ‘அடுத்த வருசம் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜீப்புக்கு அப்பவே அட்வான்ஸ் வாங்கியிருப்பேன் சார்’ என்று அவர் புலம்பினார்.

அன்று முழு வகுப்பும் குறிஞ்சிக்கே போனது. ‘பூக்கும்’ என்ற சொல்லுக்குள் வழக்கமும் எதிர்காலமும் ஒன்றாக இருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். வழக்கத்துக்கு ‘ஃபிளவர்ஸ் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்’. போன முறைக்கு ‘ஃபிளவர்ட் இன் 2006’. வரப்போவதற்கு ‘வில் ஃபிளவர் இன் 2018’. ஆண்டைச் சொன்னால் குழப்பத்துக்கு இடமில்லை என்பதையும் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். எந்த இலக்கண நூலும் எனக்கு இவ்வளவு நல்ல பயிற்சியைத் தந்ததில்லை. குறிஞ்சி மறு ஆண்டு சொன்னபடி பூத்தது. அந்த வாக்கியங்களில் மூன்றாவதை இரண்டாவதாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அவர்கள் 2030 என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

‘போகிறேன்’ என்பது ‘கோ’வா ‘ஆம் கோயிங்’கா என்ற பழைய குழப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்ற வாக்கியத்தை நாடு முழுவதும் கேட்கலாம். ‘ஐ ஹேவ் சீன் எ பைசன் எஸ்டர்டே’ என்பதும் அப்படியே. நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் ‘ஹேவ்’ நிற்காது. காட்டுமாட்டை எப்போது பார்த்தோம் என்பது முக்கியமில்லை, பார்த்த அனுபவம் இருக்கிறது என்றால் ‘ஹேவ்’ நிற்கும். இதை ஓட்டுநர்கள் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள். காட்டுமாட்டை எங்கே, எப்போது பார்க்கலாம் என்பதுதானே அவர்களிடம் பயணிகள் நாள் தவறாமல் கேட்கும் கேள்வி.

எதிர்மறைதான் யாரும் எச்சரிக்காத பள்ளம். மேல்மலையில் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் காலைப் பேருந்தில் வருவார்கள். ஒரு தேர்வு நாளில் ஒரு மாணவன் தன் அப்பாவின் போனிலிருந்து எனக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினான்: ‘பஸ் நாட் கம்.’ ஆங்கிலத்தில் எழுதியதற்குப் பாராட்டலாம். ஆனால் அவனுக்காகக் காத்திருப்பதா, வினாத்தாளைப் பிரிப்பதா? தமிழில் ‘வரவில்லை’ என்பதற்குக் காலமே கிடையாது. நேற்றும் வரவில்லை, இன்னும் வரவில்லை, இன்றைக்கு வரவில்லையாம் என்று மூன்றுக்கும் அது ஒன்றே. ஆங்கிலத்தில் அவன் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இன்னும் நிறுத்தத்தில் நிற்கிறான் என்றால் ‘ஹேஸ் நாட் கம்’. காத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்றால் ‘டிட் நாட் கம்’. மண்சரிவால் பேருந்தே இல்லை என்றால் ‘இஸ் நாட் கமிங்’. நான் போன் செய்தேன். அவன் இன்னும் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தான். பத்து நிமிடம் பொறுத்தோம், வந்தான். தேர்வு முடிந்ததும் அவன் அனுப்பிய செய்தியையே பலகையில் எழுதி, மூன்று கதைகளையும் வகுப்பைக் கொண்டு சொல்ல வைத்தேன். எதிர்மறையில் ஆங்கிலம் நம்மைவிடக் கறாரானது என்பதை அவர்கள் அன்றுதான் நம்பினார்கள்.

‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ‘தே’ போன்ற புரோநவுன்கள் இன்னும் சிக்கலானவை. காலத்தில் பிசகினால் பொருள்தான் கெடும், இதில் பிசகினால் மனிதர்களுக்கே அவமானம் வந்துவிடும். சேர்ந்த புதிதில் ஒரு பையன், ‘மை சிஸ்டர், இட் இஸ் ஸ்டடியிங் இன் மதுரை’ என்று எழுதினான். அக்காளை ‘இட்’ என்பதா என்று கடுமையாகக் கடிந்துகொண்டேன். அவன் வீட்டுப் பேச்சில் ‘அக்கா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு’ என்பது அஃறிணை வடிவமே என்றாலும், அதில் இழிவு துளியும் இல்லை. ‘வந்தா’ என்றால் மரியாதை கெட்ட பேச்சு, ‘வந்தாங்க’ என்றால் விலகல், நடுவில் பாசத்தோடு நிற்பது ‘வந்துச்சு’. திண்டுக்கல், மதுரைப் பக்கம் பிறந்த யாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். என் அக்காளை நான் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறேன். ஆங்கில ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் வீட்டு வாயை நான் மறந்துபோனேன், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக இன்னொரு மாணவன் தன் பசுவைப் பற்றி ‘ஷி’ என்று எழுதினான். மாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று பாசத்தோடு சொல்லலாம் என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த திணை வழுவமைதி அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. வளர்ப்பு விலங்கைப் பெயர் வைத்து அழைப்பவர்கள் ஆங்கிலத்திலும் அப்படியே சொல்வார்கள் என்பதால் முழு மதிப்பெண் போட்டேன்.

அம்மாவைப் பற்றிய கட்டுரைகளில் ‘தே’ வந்து குவியும். ‘மை மதர், தே ஆர் வெரி கைண்ட்.’ அப்பாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. காரணம் பேச்சுத் தமிழில் இருக்கிறது: அப்பாவுக்கு ‘அவரு’ என்று ஒரு சொல் உண்டு, அம்மாவுக்கு ‘அவங்க’தான், ஊர்க் கூட்டத்துக்கும் அதே ‘அவங்க’தான். ‘அவர்’ என்பதும் பிறப்பில் பலர்பாலே. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உயர்த்திக் கூறும் சொல் என்று தொல்காப்பியமே தனியாகக் குறிக்கிறது. ஆங்கிலமும் இந்த வழியில் பாதி தூரம் வந்த மொழிதான். ‘யூ’ என்பது முன்பு பன்மைக்கு உரியது. மரியாதைக்காக ஒருவரிடமும் அதைப் பேசிப் பேசி, ஒருமைக்கு இருந்த ‘தவ்’ வழக்கொழிந்துபோனது. தெய்வத்தை ஆங்கிலத்தில் ‘தவ்’ என்றும், தமிழில் ‘நீர்’ என்றும் கூப்பிட்டுப் பழகிய மாதாகோவில் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஆனால் முன்னிலையோடு ஆங்கிலம் நின்றுகொண்டது. படர்க்கையில் மரியாதைப் பன்மைக்கு இடம் தரவில்லை. அம்மா எவ்வளவு பெரியவரானாலும் ‘ஷி’தான். ‘எங்கம்மாவ ஷின்னு சொன்னா அவ, இவன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்’ என்று ஒரு மாணவி உதட்டைப் பிதுக்கினாள். ‘ஷி’யில் ‘அவ’ளின் அவமரியாதையும் இல்லை, ‘அவங்க’ளின் மரியாதையும் இல்லை, அது வெறும் பெண்பால் குறி, மரியாதையைச் சொல்லிலும் குரலிலும் வேறு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் முழுதாகச் சமாதானம் அடையவில்லை. நானும்தான்.

இந்த மரியாதைப் பன்மை ஒருமுறை எனக்கே பாடம் நடத்தியது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் நிறுவப்பட்டது; சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்கேதான் கண்டறிந்தார்; இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். எங்கள் வழிகாட்டி ஒருவர் இதைச் சொல்லும்போது, ‘எவர்ஷெட், தே ஃபவுண்ட் இட்’ என்றாராம். பயணி ஒருவர், ‘இருவருமா?’ என்று கேட்டிருக்கிறார். எந்த இருவர் என்று இவர் விழித்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். பார்த்தீர்களா, ‘ஹி’ என்று சொல்லாததால் வந்த வினை என்று திருத்தி அனுப்பிவிட்டேன். பிறகு ஐயம் வந்து படித்துப் பார்த்தபோதுதான், எவர்ஷெட்டின் மனைவி மேரியும் வானியலாளர் என்பதும், கணவரோடு கொடைக்கானலில் பணியாற்றி, சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து 1917இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள் என்பதும் தெரியவந்தது. அந்தப் பயணிக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ‘தே’ என்றதும் அப்படிக் கேட்டிருக்கிறார். வழிகாட்டியிடம் மறு நாள் சொன்னேன்: 1909க்கு ‘ஹி’, 1917க்கு ‘தே’. அவர் இரண்டையும் சொல்லத் தொடங்கினார். இலக்கணப் பிழையால் ஒரு வரி கூடிய வழிகாட்டி உரை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

‘தே’யை ஒருமைக்கு வைக்கவே கூடாது என்று பல ஆண்டுகள் அடித்துத் திருத்திய நான், அதிலும் பின்வாங்க வேண்டியிருந்தது. விடுதி வரவேற்பில் இருந்த இளைஞர் ஒருவர், யாரோ ஒரு விருந்தினர் குடையை விட்டுச் சென்றுவிட்டார், ஆணா பெண்ணா தெரியாது, எப்படி எழுதுவது என்று கேட்டார். ‘ஹிஸ் ஆர் ஹர்’ என்று என் பழைய பாடத்தை ஒப்பித்தேன். ஆனால் ஆளின் பால் தெரியாத இடத்தில் ‘தேர்’ என்று ஒருமைக்கு எழுதுவது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம், ஒருமைக்கு வரும் ‘தே’யை அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் 2015க்கான ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது, 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதியும் ‘தே’யை அவ்வாறே அறிவித்தது. ஆக, ஆள் யாரென்று தெரியாவிட்டாலும், தம்மை அப்படி அழைக்கும்படி ஒருவர் கேட்டுக்கொண்டாலும் ‘தே’ சரி. அம்மாவின் மீதுள்ள மரியாதைக்காக மட்டும் ‘தே’ ஆகாது. இந்த வேறுபாட்டைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு, ‘அப்ப முன்னாடி நீங்க அடிச்ச மார்க்?’ என்ற கேள்வியையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

நமக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு இருக்க, ஆங்கிலத்துக்கு ‘வி’ ஒன்றுதான். ‘வி வில் ஈட் இன் பூம்பாறை’ என்று ஓட்டுநர் சொன்னால், அவரும் நம் மேசையில் உட்காரப்போகிறாரா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ‘யூ கேன் ஈட் தேர், ஐ வில் வெயிட்’ என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சாவி. மாலை வகுப்புக்கு வந்தவர்களில் ஒரு பெண், எல்லோருக்கும் அக்கா, ஒரு சிறிய தங்கும் விடுதியில் அறைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் வெளியூரில் இருப்பவர். அன்றாடச் செய்திகளை ஆங்கிலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்பது அங்கே நடைமுறை. ஒரு நாள் வகுப்பு தொடங்கும் முன்பே வந்து போனை என் முன் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

‘சார், நான் தொலைக்கல. அவங்கதான் தொலைச்சாங்க. அவங்களே வந்து சொன்னாங்க. அதத்தான் சார் எழுதுனேன். சம்பளத்துல ஐந்நூறு பிடிச்சுட்டாங்க.’

போனில் இருந்த வரி: ‘கெஸ்ட் டோல்ட் தட் ஐ லாஸ்ட் தி கீ.’

தமிழில் என்ன நடந்தது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. விருந்தினர் ‘நான் சாவியைத் தொலைத்துவிட்டேன்’ என்று சொன்னார். நம் ‘என்று’ ஒரு நேர்மையான பாத்திரம். ஒருவர் வாயிலிருந்து வந்ததைச் சிந்தாமல் அப்படியே ஏந்தும். உள்ளே இருக்கும் ‘நான்’ சொன்னவருடைய ‘நான்’ என்பதில் தமிழ் கேட்கும் யாருக்கும் ஐயம் வராது. ஆங்கில ‘தட்’ அப்படி அல்ல. அதற்குள் நுழையும் ‘ஐ’, எழுதுபவருடைய ‘ஐ’யாக மாறிவிடும். அந்தப் பெண் விருந்தினரின் வாக்குமூலத்தை எழுதினார். உரிமையாளர் அதைத் தம் பணியாளரின் வாக்குமூலமாகப் படித்தார். எவரும் பொய் சொல்லவில்லை. ‘என்று’க்கும் ‘தட்’டுக்கும் நடுவே ஐந்நூறு ரூபாய் விழுந்துவிட்டது.

எல்லோரும் வந்ததும் பலகையில் எழுதித் திருத்தினேன். ‘தி கெஸ்ட் செட் தட் ஷி ஹேட் லாஸ்ட் தி கீ.’ சொன்னது இறந்தகாலம், தொலைத்தது அதற்கும் முன்பு, ஆகவே ‘ஹேட் லாஸ்ட்’ என்று என் பழைய அட்டையின் ஒரு கட்டத்தை மனதுக்குள் தொட்டுக்கொண்டேன். கொஞ்சம் பெருமிதமாகக்கூட இருந்தது. பின்வரிசையில் இருந்த ஓட்டுநர் ஒருவர் கையைத் தூக்கினார். ‘சார், இந்த ஷி யாரு? கெஸ்ட்டுன்னு எப்படித் தெரியும்? ரூம் கூட்டுற அம்மாவும் பொம்பளதானே?’

அவர் கேட்டது நியாயம். தமிழில் ‘தாம் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்’ என்றால், அந்தத் ‘தாம்’ சொன்னவரையே சுட்டும். ‘அவர் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்’ என்றால் வேறொருவர் என்றே மனம் போகும். ஆங்கிலத்தின் ‘ஷி’ இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. ‘ஹர்செல்ஃப்’ சேர்க்கலாமா, மேற்கோள் குறி போடலாமா என்று நான் பலகையில் ஒன்றை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தபோது, அக்கா போனை எடுத்துத் தாமே தட்டத் தொடங்கினார். முடித்துவிட்டு என்னிடம் காட்டினார். ‘தி கெஸ்ட் லாஸ்ட் தி கீ. ஷி டோல்ட் மி. ஐ டிட் நாட் லூஸ் இட்.’

மூன்று சிறிய வாக்கியங்கள். ‘தட்’டும் இல்லை, ‘ஹேட்’டும் இல்லை. திருத்த ஒன்றும் இருக்கவில்லை, ‘அனுப்புங்க’ என்றேன்.

அடுத்த மாதச் சம்பளத்தோடு அந்த ஐந்நூறும் சேர்ந்து வந்தது. உரிமையாளர் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ‘எழுதலன்னா டிட் நாட் ரைட்டா, ஹேஸ் நாட் ரிட்டனா சார்?’ என்று அக்கா கேட்டார். இனி எழுதமாட்டார் என்று தோன்றினால் ‘டிட் நாட்’, இன்னும் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ‘ஹேஸ் நாட்’ என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, நோட்டில் ‘டிட் நாட்’ என்று எழுதிக்கொண்டார்.